ஜிலேபிக்காக ஒரு ஃபேனைக் கெடுத்தேன்

எங்கள் வீட்டு ஹாலில் இரும்பு ஸ்டூல் மேல் நிற்கிறேன். உச்சி வெயில். மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று. கழுத்து வியர்வை பனியனுக்குள் இறங்கி இடுப்பு வரைக்கும் ஓடுகிறது. கையில் இருப்பது நானே காயில் கட்டி, நானே பேரிங் போட்ட ஃபேன். அதற்குள் இருந்த நல்ல பேரிங்கைக் கழற்றிவிட்டேன். என் ரிப்பேர் கடையின் குப்பை டப்பாவில் கிடந்த ஒரு பழைய பேரிங்கைப் போட்டு, மறுபடியும் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிற என் மனைவி சகாயம் கேட்கிறாள்: "ஏங்க, நெசமாவே கெட்ட பேரிங்குதானா? பழக்க தோசத்துல நல்லதப் போட்டுறாதீங்க."

"கெட்டதுதான். கையில புடிச்சுச் சுத்துனா நறநறங்குது."

"அப்பச் சரி. மாட்டுங்க."

முப்பது வருஷமாகத் திண்டுக்கல்லில் ஓடாத ஃபேனை ஓட வைத்துப் பிழைத்தவன் நான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபேனை என் கையாலேயே கெடுத்தது அன்றைக்குத்தான். பக்கத்து அறையிலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. எல்லாம் அந்த மகராசனுக்காகத்தான்.

போன வாரம் மில் மோட்டார் எரிந்த கதையை எழுதியிருந்தேன். 'உங்கள் தொடர் முழுக்க எரிந்த வாடைதான் அடிக்கிறது, மனசுக்கு இதமாக ஒன்று எழுதக்கூடாதா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சரி தாயே, இந்த வாரம் எதுவும் எரியாது. ஒரு பறவையைப் பற்றி எழுதுகிறேன்.

கன்னத்தில் ரெண்டு ஜிலேபி

மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுகிற என் வைண்டிங் கடை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் பேகம்பூரை ஒட்டி இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே எங்கிருந்தோ பிரியாணிக்குத் தாளிக்கிற வாசம் வந்துவிடும். நான் வார்னிஷ் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசம் செத்துப்போகும். இதற்காகவே பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள்.

கடைக்குப் பின் தெருவில் ஜைனம்பு அக்கா வீடு. வளையல் கடை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கணவர் தவறிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவரும் ஒரு பறவையும்தான். அவர் வீட்டு ஃபேனுக்கெல்லாம் நான்தான் வைத்தியன்.

அந்தப் பறவை கிளி மாதிரி இருக்கும், ஆனால் நம் ஊர்க் கிளி இல்லை. காக்டெயில் என்று கடையில் விற்கிற வெளிநாட்டு ஜாதி. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, அதில் ஒரு கொண்டை. இரண்டு கன்னத்திலும் வட்டமாக ஆரஞ்சு நிறம். அதைப் பார்த்துத்தான் அக்கா 'ஜிலேபி' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு கோடையில் அக்கா கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஹஜ்ஜுக்குப் போறேன். பெரியவன் கூட வாரான். நாப்பது நாளு ஆகும். ஜிலேபிய ஒங்க வீட்டுல விட்டுட்டுப் போகவா?"

"எங்க வீட்டுலயா? சொந்தக்காரங்க அம்புட்டுப் பேர் இருக்காங்களேக்கா."

"இருக்காக. தங்கச்சி வீட்டுல பூனை. மச்சினர் வீட்டுல வாண்டுக ஆறு. பூனையே தேவல. ஒங்க வீட்டுல ரெண்டும் இல்ல."

எங்களுக்கு ஒரே மகன். அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் நானும் சகாயமும் மட்டும். மறுக்கக் காரணம் தேடினேன், அகப்படவில்லை.

கூண்டை என் கையில் கொடுக்கும்போது அக்கா முகம் மாறிவிட்டது. "இது அமானிதம் தம்பி," என்றார். ஒருவர் நம்பி ஒப்படைக்கிற பொருளுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. வாங்கியவர் அதை எப்படி வாங்கினாரோ அப்படியே திருப்பித் தர வேண்டும். ஆண்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய சமாச்சாரம். எனக்கு அர்த்தம் தெரியும். பேகம்பூர் பக்கத்தில் முப்பது வருஷம் கடை வைத்திருப்பவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

எனவே, வாசகர்களே, கூண்டு என் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே கவலைதான். நாற்பதாம் நாள் இந்தப் பறவையை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சகாயத்தின் இன்ஸ்பெக்ஷன்

"மீன் வறுக்குற வீட்டுல கிளியா? ஒங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்றுதான் சகாயம் ஆரம்பித்தாள். கூண்டிலிருந்து ஜிலேபி கொண்டையைத் தூக்கி அவளைப் பார்த்து ஒரு விசில் அடித்தது. "பாருங்க, வந்த அன்னைக்கே சீட்டி அடிக்குது!" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள். அதோடு என் கட்சிக்காரி ஆகிவிட்டாள்.

அன்று சாயங்காலமே சாம்பிராணி போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் போடுவது வழக்கம். புகை ஹாலுக்கு வந்ததும் ஜிலேபி விடாமல் தும்மியது. பறவை தும்மும் என்றே எங்களுக்கு அதுவரை தெரியாது. மறுநாள் காலையிலேயே கூண்டைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். பொறுமைசாலி. பறவைக்கு நுரையீரல் ரொம்ப நுணுக்கமானது, புகையே ஆகாது என்றார். பிறகு ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார், எழுதிக்கொண்டே இருந்தார். கொசுவத்தி கூடாது. ரூம் ஸ்பிரே கூடாது. ஒட்டாத தோசைக்கல் அதிகமாகக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து வருகிற ஆவி பறவையைக் கொன்றே போடும். திறந்த தண்ணீர்ப் பாத்திரம் வேண்டாம், விழுந்துவிடும். கண்ணாடியை மூடுங்கள், வழி என்று நினைத்து மோதும். ஈயம் வாயில் படவே கூடாது. கடைசியாக, ஓடுகிற ஃபேன்.

சகாயம் சாணார்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசியில் கல், பருப்பில் வண்டு என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அப்போது கோடை விடுமுறை வேறு. கேட்க வேண்டுமா? சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை இன்ஸ்பெக்ஷன் பண்ணத் தொடங்கினாள்.

பீரோக் கண்ணாடிக்குப் பழைய சுங்குடிச் சேலை ஒன்று திரையானது. அதற்குப் பிறகு நான் குத்துமதிப்பாகத்தான் தலை சீவினேன். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தோம். பரண் இடுக்கு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் எல்லாம் அட்டை வைத்து அடைத்தோம். அண்டா, வாளி, குடம் என்று எல்லாவற்றுக்கும் மூடி. கொசுவத்திக்குப் பதில் கொசுவலைக்குள் படுத்தோம்.

ஒட்டாத தோசைக்கல் பரணுக்குப் போனது. பழைய இரும்புக்கல் இறங்கியது. முதல் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தோசையே கிடையாது, தோசைத் துண்டுதான். "கல்லு பழகணும்ங்க," என்பாள் சகாயம். கல் பழகுவதற்குள் நான் துண்டுக்குப் பழகிவிட்டேன்.

அடுத்து என்னைப் பிடித்தாள். வைண்டிங் கடையில் வேலை செய்கிறவன் உடம்பில் என்னென்ன இருக்கும்? சட்டையில் வார்னிஷ் வாடை. கால்சட்டைப் பையில் செம்புக் கம்பித் துணுக்கு. நகத்தில் பற்றவைத்த ஈயம். பளபளவென்று எது கிடந்தாலும் ஜிலேபி கொத்திப் பார்க்கும். எனவே தினமும் நான் பின்வாசல் வழியாக வந்து, வாசலிலேயே பையை உதறிக் காட்டி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று உத்தரவு. கல்யாணமான புதிதில்கூட அவள் எனக்கு இவ்வளவு சட்டம் போட்டதில்லை.

இதற்கு நடுவில் சிறுமலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர், தோட்டத்து மோட்டாரைக் கொண்டுவந்தவர், ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் நாலு பட்டர் ஃப்ரூட்டும் கொடுத்துவிட்டுப் போனார். பட்டர் ஃப்ரூட்டை அறுத்து ஜிலேபிக்கு ஒரு கீற்று நீட்டப்போனேன். சகாயம் போட்ட சத்தத்தில் கத்தியே கீழே விழுந்தது. சீட்டின் பின்பக்கத்தில் அதுவும் எழுதியிருந்ததாம். அது பறவைக்கு விஷம். வாழைப்பழம் பரவாயில்லை. சிறுமலைப் பழத்தின் ருசி ஜிலேபிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு கடைப் பழம் கொடுத்தால் தள்ளிவிட்டது.

திறந்தும் வரவில்லை

ஜிலேபி எந்நேரமும் கூண்டுக் கதவின் கம்பியைப் பிடித்து அலகால் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

"அக்கா வீட்டுல தெனமும் வெளிய விட்டுப் பழக்கியிருப்பாக போலங்க. அதான் இந்தப் பாடு படுத்துது," என்றாள் சகாயம்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்ல வசதியான ஹாலில் பறந்து பழகியதை நாம் நாற்பது நாள் அடைத்து வைத்தால் சிறகு மரத்துப்போகாதா? அக்காவிடம் கேட்கலாம் என்றால் அவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். புண்ணிய யாத்திரை போன மனுஷிக்குப் போன் போட்டு, கிளியை வெளியே விடலாமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுக் கூண்டைத் திறந்தோம். வரவில்லை. வாசல் கம்பியில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தது. மறுநாளும் அப்படியே. "ஏலே அப்பு, வாடா, தொறந்துதானே இருக்கு!" என்று சகாயம் கெஞ்சினாள். நாலாம் நாள் திடீரென்று கிளம்பியது. நேராகப் போய்ச் சுவரில் முட்டி, காலண்டரைப் பிடித்துக்கொண்டு தொங்கி, காலண்டரோடு கீழே விழுந்தது.

"புது வீடுல்ல, தடுமாறுது," என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

ஒரு வாரத்தில் தடுமாற்றம் போய்விட்டது. ஹாலைச் சுற்றி ஒரு ரவுண்டு, பீரோ உச்சியில் செத்த நேரம், அங்கிருந்து சகாயத்தின் தோள், தோளிலிருந்து என் தலை. போகிற இடமெல்லாம் எச்சத்தால் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுப் போகும். சகாயம் ஈரத்துணியோடு பின்னாலேயே அலைவாள். பிள்ளை வளர்த்தபோதுகூட அவள் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவருவது ஒரு சந்தோஷமாகிவிட்டது.

எண்ணிப் பாருங்கள்

இங்கே என் தொழில் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபப்படாதீர்கள், இதுதான் கதைக்கே முக்கியம்.

ரிப்பேருக்கு வந்த ஃபேனைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் முன்னால் ஓடவிட்டுக் காட்டுவேன். பிறகு, "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு எண்ணுங்க," என்பேன். அவர் எண்ணுவார். ஐம்பது, அறுபது... நூறைத் தாண்டியும் ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பேரிங் சுத்தமாக, இறக்கை சரியாக இருந்தால் கரண்டே இல்லாமல் அது பாட்டுக்குச் சுற்றும். "எண்ணி முடியலண்ணே, குடுங்க," என்று வாங்கிக்கொண்டு போவார்கள். என் வேலைக்கு அதுதான் சர்டிஃபிகேட்.

எங்கள் வீட்டு ஹால் ஃபேன் இருக்கிறதே, அது நூற்றைம்பது வரைக்கும் போகும்.

இதனால் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஃபேன் முழுசாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கூண்டுக் கதவு. சகாயம் ஒரு நாளும் தவறியதில்லை.

நான் தவறினேன். ஒரு வியாழக்கிழமை மதியம். சகாயம் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு உள்ளே வருகிறேன், கரண்டு போய்விட்டது. ஜிலேபி என்னைப் பார்த்துக் கம்பியை ஆட்டுகிறது. கரண்டு இல்லையே, இனி ஃபேனாவது ஒன்றாவது என்று போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

கரண்டு போனதும் ஃபேன் நின்றுவிட்டது என்று ஊரில் எந்த மடையனும் நினைக்கலாம். நினைக்கக் கூடாத ஒரே மடையன் நான்.

டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். இரண்டு நீள இறகு காற்றில் சுற்றிச் சுற்றி இறங்கியது. ஜிலேபி சோபாவுக்குக் கீழே கிடந்தது. மேலே என் ஃபேன் இன்னும் அழகாக, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு வேலையை வெறுத்தது அந்த நிமிஷம்தான்.

"சகாயம்!" என்று நான் கூப்பிட்ட தினுசிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டை விரித்து, அதை மெதுவாக அள்ளி, நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். "மூச்சு இருக்குங்க. வண்டிய எடுங்க," என்றாள். எனக்குச் சாவித் துவாரத்தில் சாவி போகவில்லை.

விருந்தாளி

செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, அதில் துண்டோடு ஜிலேபியை வைத்து, சகாயம் மடியில் வைத்துக்கொண்டாள். மாட்டாஸ்பத்திரியில் ஏழெட்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் எங்களுக்கு முன்னால்.

ஆட்டோடு நின்ற ஒரு பெரியவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். "என்னத்தா, கோழிக்குஞ்சா?"

"இல்லைங்கய்யா. எங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி. அடிபட்டுருச்சு," என்று சொல்லும்போதே சகாயத்துக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவருக்கு என்ன புரிந்ததோ, "ஏப்பா, வெலகுங்க, வெலகுங்க! வந்த எடத்துல அடிபட்டுருக்காம்," என்று எல்லோரையும் ஒதுக்கி எங்களை முன்னால் அனுப்பினார். கன்றுக்குட்டிகூட நகர்ந்து வழி விட்டது.

டாக்டரம்மா விரலால் நீவி நீவிப் பார்த்தார். ஃபேன் வேகம் குறைந்த நேரம் பட்டதால் தப்பித்ததாம். எலும்பு முறியவில்லை. தோளில் ரத்தக்கட்டு. வாலில் இரண்டு நீள இறகு போய்விட்டது.

"அஞ்சாறு நாள் கூண்டுலயே இருக்கட்டும். அப்புறம் பறக்கும்," என்றார்.

"வால் இறகும்மா?"

"அது வளர மாசக்கணக்குல ஆகும். பறவைக்கு எல்லா இறகும் வருசத்துக்கு ஒரு தடவை உதிர்ந்து புதுசு மொளைக்கும்."

அக்கா வர இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

நாலு எண்ணுவதற்குள்

"இனிமே கூண்டுதாங்க. அக்கா வர்ற வரைக்கும் கதவத் தொறக்கவே வேணாம்," என்று சகாயம் சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆறாம் நாள் ஜிலேபி மறுபடி கம்பியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் அவளே வந்து, "பாவம்ங்க. பறந்து பழகுனதப் போட்டு அடைக்குறது என்னால ஏலாது," என்றாள்.

அப்படியானால் ஃபேன் கூடாது. எல்லா ஃபேனையும் நிறுத்தி, சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். திண்டுக்கல் வெயிலில் மூன்று நாள் ஃபேன் இல்லாமல் கிடந்து பாருங்கள், தெரியும். சகாயம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் படுத்தாள். எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. தெருவில் ஒருவர், "ஏன்ணே, ஃபேன்கடைக்காரர் வீட்டுல ஃபேன் ஓடாதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது குப்பை டப்பாவில் அந்தப் பழைய பேரிங் கண்ணில் பட்டது. கிரீஸ் இறுகிப்போய், கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிடும். இதை மாட்டினால் காற்று குறைவாக வரும். காயில் சூடாகும், அதை நான் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சுவிட்சை நிறுத்தியதும் ஃபேன் நின்றுவிடும்.

நின்றதைப் பார்த்துவிட்டுத் திறந்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சகாயமும் கேட்டாள். போதும், என்னை நம்பலாம் என்றால் போதும். நான் என்னை நம்பவில்லை.

ஆரம்பத்தில் சொன்னேனே, ஸ்டூலும் உச்சி வெயிலும், அது இந்த நாள்தான். மாட்டி முடித்து மெயினைப் போட்டேன். ஃபேன் 'கர்... கர்...' என்று கிழவன் இருமுகிற மாதிரி ஓடியது. சகாயம் சுவிட்சை நிறுத்திவிட்டு எண்ணினாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... நின்னுருச்சுங்க! நின்னுருச்சு!"

கை தட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேலையை அவள் கைதட்டிப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரம் சாணார்பட்டியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தன் ஃபேனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். 'கர்... கர்...'

"என்னண்ணே, ஒங்க வீட்டு ஃபேனே இப்படிக் கத்துது?"

"அது வேணும்னே அப்படி வச்சிருக்கேன்."

அவர் தம்ளரை வைத்துவிட்டு, கொண்டுவந்த ஃபேனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "செத்த நேரம் கழிச்சு வாரேன்ணே," என்றார். அதற்குப் பிறகு வரவே இல்லை. போகட்டும், ஜிலேபி அன்றைக்குப் பீரோ மேல் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்

அக்கா வந்துவிட்டார். முதல் இரண்டு நாள் அவர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஹஜ் முடித்து வந்தவரைப் பார்க்கத் தெருவே வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஜிலேபியின் வாலில் நடுவில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. மறைக்கவே முடியாது.

"இறகு உதிர்ற காலம்னு சொல்லிருவோம். பொய்யின்னாலும் பாதிப் பொய்தான," என்றாள் சகாயம், வழியில்.

"சரி," என்றேன். எனக்கும் வேறு தைரியம் இல்லை. ஆனால் அமானிதம் என்று அவர் சொன்னபோது இருந்த முகம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

அக்கா வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்து, மெலிந்து, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. தட்டில் பேரீச்சம்பழமும், சின்னக் கிண்ணத்தில் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். சகாயம் அதைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை.

"அக்கா, ஃபேன்ல அடிபட்டுருச்சுக்கா!" என்றாள் ஒரே மூச்சில். வழியில் பொய் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்! உட்காரக்கூட இல்லை.

"அவ மேல தப்பு இல்லக்கா," என்றேன். "நான்தான் கதவத் தொறந்தேன். ஃபேன் சுத்திக்கிட்டு இருந்ததப் பாக்கல. வால்ல ரெண்டு இறகு போச்சு. நீங்க குடுத்த மாதிரி திருப்பிக் குடுக்க முடியல. மன்னிச்சிருங்க."

அக்கா கூண்டுக்குப் பக்கத்தில் வந்து வாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஃபேன் வரைக்கும் எப்படித் தம்பி போச்சு?"

"பறக்கும்போதுதான்."

"எது பறக்கும்போது?"

"ஜிலேபிதான்க்கா."

"இவனா? இவன் பறக்க மாட்டானே!"

சகாயமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வாங்குனப்பவே கடைக்காரரு இறகை வெட்டித்தான் குடுத்தாரு," என்றார் அக்கா. "இனிமே இது பறக்காது, பயப்படாம வச்சுக்கங்கன்னாரு. ஆறு வருசம் ஆச்சு. கூண்ட விட்டு வெளிய எடுத்ததே இல்ல. வெளிய வந்து பறக்க முடியாமக் கீழ விழுந்துரும்னு நானும் எடுக்கல."

"வெட்டுன இறகு உதிர்ந்து புதுசு மொளைக்கும்க்கா," என்றாள் சகாயம் மெதுவாக. "டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு வருசத்துக்குள்ள மொளைச்சிரும்னு."

நான் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினேன். ஃபேனை அணைத்தேன். அதுவும் நான் ஓடவிட்ட ஃபேன், எண்ணி மாளாது. அது நின்று, இறக்கை மூன்றும் அசையாமல் நின்ற பிறகும் ஒரு தடவை பார்த்தேன். சகாயமும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் கூண்டைத் திறந்தேன்.

ஜிலேபி வாசலுக்கு வந்தது. கொண்டையைத் தூக்கி வீட்டை ஒரு பார்வை பார்த்தது. கிளம்பியது. வாலில் ஓட்டை இருந்ததால் திருப்பத்தில் கொஞ்சம் சாய்ந்தது, சமாளித்துக்கொண்டது. அக்காவின் தலைக்கு மேல் ஒரு வட்டம், அலமாரி உச்சியை உரசி இன்னொரு வட்டம். பிறகு சுவர்க்கடிகாரத்தின் மேல் உட்கார்ந்து, தன் வீட்டை முதல் தடவையாக மேலேயிருந்து பார்த்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஹஜ்ஜுக்குப் போறவுக எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போகணும். இந்தத் தெரு பூரா வாசல் வாசலா நின்னேன் தம்பி. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கன்னு கேட்டேன். பத்து வருசமாப் பேசாத நாத்தனார்கிட்டக்கூடப் போயிக் கேட்டேன். எல்லார்கிட்டயும் கேட்டாச்சுன்னுதான் வண்டி ஏறுனேன்." அவர் மேலே பார்த்தார். "வீட்டுக்குள்ளயே ஒருத்தன் இருந்தான். அவன்கிட்டக் கேக்கலையே."

சகாயம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே ஜிலேபி," என்றார் அக்கா, அண்ணாந்து. "மன்னிச்சிருடா வாப்பா."

ஜிலேபி கடிகாரத்திலிருந்து இறங்கி வந்தது. நேராக அவர் தோளில் உட்கார்ந்தது. கன்னத்தோடு கன்னத்தை ஒரு தடவை உரசியது. பிறகு வாலைத் தூக்கி, அந்த வெள்ளைத் துப்பட்டியில் தன் பொட்டை வைத்தது.

அக்கா அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இது மன்னிச்சதுக்கு அடையாளமா, மன்னிக்காததுக்கா?" என்றார் அழுகையோடு.

"மன்னிச்சதுக்குத்தான்க்கா," என்றாள் சகாயம். "எங்க வீட்டுல நாப்பது நாளா ஒரு எடம் விடாம மன்னிச்சு வச்சிருக்கு. நான்தான் தொடைச்சேன்."